பதினாறாம் நாள் வந்த கொம்பு வண்டுகள்

துக்க வீட்டில் மருமகனுக்கு விதிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான்: யார் கண்ணிலும் படாமல் இருப்பது. நாற்காலி அடுக்கலாம். தண்ணீர் போத்தல் கொடுக்கலாம். வருகிறவர்களின் கார்களை 'பின்னால வா, பின்னால வா' என்று கையாட்டிக் கால்வாயில் இறங்காமல் காப்பாற்றலாம். இதற்கெல்லாம் பெரிய படிப்பு தேவையில்லை. துரதிர்ஷ்டவசமாக நான் படித்தவன். ஆகவே என் மாமனாரின் பதினாறாம் நாள் படையலில், கூடியிருந்த நாற்பது பேரும் அவருடைய படத்தை விட்டுவிட்டு என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பண்டாரம் தேவாரத்தை நடுவரியில் நிறுத்திவிட்டார். அப்படி ஒரு நிசப்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை. (மேடையில் நான் கட்டுரை வாசிக்கும்போதுகூட இல்லை. அங்கே யாராவது இருமித் தொலைப்பார்கள்.)

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. உலு திராமில், செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் விற்கும் ஒரு சிறிய கடையில் விற்பனையாளன். கடையில் நன்றாக ஓடிய சரக்கு, கொம்பு வண்டைப் பிடிக்கும் வாசப் பொட்டலம். கொம்பு வண்டு தோட்டத்துக்காரர்களின் ஜென்ம விரோதி. கட்டைவிரல் பருமன், தார் பூசிய கறுப்பு, தலையில் காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் ஒரு கொம்பு. இளம் செம்பனையின் குருத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். பகலெல்லாம் ஒளிந்திருந்து பொழுது சாயும்போது பறக்கும். இதில் ஆண் வண்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தன் உடம்பிலிருந்து ஒரு வாசனையை விடும். 'இங்க வாங்க, சாப்பாடு இருக்கு, பேச்சுத்துணைக்கும் ஆள் இருக்கு' என்று அர்த்தம். அதே வாசனையை ஆய்வுக்கூடத்தில் செய்து, பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்து, ஒரு வாளிக்கு மேலே தொங்கவிட்டால், சுற்றுவட்டார வண்டுகள் எல்லாம் வந்து வாளிக்குள் விழும். நம் மூக்குக்கு அது லேசான பழ வாசனை, அவ்வளவுதான்.

தோட்டத்து அலுவலகங்களில் நான் இதைப் பற்றிப் பேசும் அழகே தனி.

“வண்டுக்கு முடிவெடுக்கிற வேலையே கிடையாதுங்க. அதோட முகத்துல ரெண்டு உணர்கொம்பு இருக்கு. நுனி மட்டும் விசிறி மாதிரி விரியும். காத்துல இந்த வாசம் துளி வந்து பட்டாப் போதும், உடம்பு தானா திரும்பிரும், எறக்கை தானா அடிக்கும். தீனி வேணாம், வெளிச்சம் வேணாம். நேரா வாசம் இருக்கிற எடத்துக்கு வந்து நிக்கும். நாம பாக்குறது பூச்சி இல்ல, வாசம் ஓட்டுற வண்டி!”

அதோடு விடமாட்டேன். மக்கிய மரத்துக்குள் அந்த வண்டு புழுவாகக் கிடக்கும் காலத்தையும் விவரிப்பேன். புழுவின் உடம்பில் ஒரு சுரப்பு இருக்கிறது; அது ஊறும்வரை எத்தனை தடவை தோலுரித்தாலும் புழு புழுவாகவேதான் வளரும்; அது வற்றிய பிறகுதான் கூடு, கொம்பு, இறக்கை எல்லாம். (என் மனைவி சுமதி இதை ஒருமுறை கேட்டுவிட்டு, “ஒங்களுக்கு அந்த சுரப்பு இன்னும் வத்தல்ல” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

பேச்சின் உச்சத்தில் ஒரு பொட்டலத்தைக் குண்டூசியால் குத்தி, எல்லார் மூக்குக்கும் நேராக நீட்டிவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுத்துக்கு மரியாதை கொடுப்பவன்தான் நான். பெட்டியின்மேல் இருப்பதை இலக்கியமாகக் கருதியதில்லை.

இனி என் மாமனார். வீராசாமி. யோங் பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். ஓய்வுபெற்றதும் அதே தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், தகரக் கூரை போட்ட கடைசி வீட்டை வாங்கிக்கொண்டு கோழி வளர்த்தார். நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன், அவர்கள் முருக பக்தர்கள். பெண் கேட்டு நான் தனியாகத்தான் போனேன். அவரே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். என் சம்பளம், வாடகை வீடு, எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றி நான் ஆற்றிய உரையை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“வேற ஏதாச்சும் சொல்லணுமா, தம்பி?”

“இல்லீங்க மாமா. அவ்வளவுதான்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எழுந்தார். தீவன டின்னை எடுத்துக்கொண்டு கோழிகளிடம் போனார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அத்தை ஊற்றிய இரண்டாவது கோப்பையையும் குடித்தேன். அவர் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து பதினான்கு மாதம், என்னிடமும் பேசவில்லை, சுமதியிடமும் பேசவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பே எனக்கும் சுமதிக்கும் குளுவாங்கில் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. 'இல்லை' என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சட்டப்படி உறுதிசெய்துகொண்ட பிறகு பெண் கேட்கப் போனேன். என் வீரம் அந்த ரகம். “அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க, கோவப்பட்டாலும் பரவால்ல” என்று சுமதி எத்தனையோ தடவை சொன்னாள். “சொல்றேன், சொல்றேன், நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்பேன். நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. கடைசி ஒரு மாதம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு கர்ர், கர்ரென்று இழுத்துக்கொண்டிருந்ததாகப் பிறகுதான் கேள்விப்பட்டோம். சாவுக்குச் சுமதி மட்டும் உள்ளே போனாள். நான் சாலையோரத்தில் காருக்குள் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தார். “பதினாறுக்கு ரெண்டு பேரும் வாங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

சுமதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் தூங்கவில்லை. “உள்ள வந்து ஒக்காருன்னு சொல்வாங்களா? சாப்ட்டுட்டுப் போன்னு சொல்வாங்களா?” அவளுடைய அண்ணன் முருகேசனுக்கு எங்களைக் கூப்பிட்டதே பிடிக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிறவர், சுருக்கமாகப் பேசுவார். “அப்பா சேக்காத ஆள சேக்க நாம யாரும்மா?” என்று கேட்டாராம். என்னை அவர் முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'மிஸ்டர் ஆரோக்கியம்'தான். வங்கியில் கடன் மறுக்கும்போது கூப்பிடுவார்களே, அந்தக் குரலில்.

அன்று காலை சுமதி முன்கூட்டியே கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: “என்னாங்க, இன்னிக்கு மட்டும் ஒண்ணும் சொதப்பிராதீங்க. இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்க.”

நான் சொதப்பவில்லை. பிற்பகலில் உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தில் பேச்சு. கேட்டவர்கள் ஆர்வமாகக் கேள்வி கேட்டதில் நேரமாகிவிட்டது. வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். விற்பனைக்கும் துக்கத்துக்கும் பொதுவான நிறம். மாற்ற நேரமில்லாமல் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினேன். இரண்டு மணி நேரம், நல்ல வெயில். இறங்கும்போது சட்டை முழுக்க வியர்வை. இடது நெஞ்சுப் பக்கம் மட்டும் சற்று அதிகமாகவே ஈரம். இதயம் இருக்கும் பக்கம், துக்கம் போலிருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் தெரியும் செம்பனைக் காடு அங்கே இல்லை. மறுநடவுக்காக எல்லா மரங்களையும் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, நீள நீளமான வரிசைகளாகக் குவித்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மக்கிக்கொண்டிருக்கும் மரங்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. குவியல்களிலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பறவைச் சத்தமில்லை. அந்தக் காட்சியைப் பார்த்தால் ஒரு மனிதனுக்குச் சாவு ஞாபகம் வர வேண்டும். எனக்கு, 'அலமாக், எவ்வளவு வண்டு இருக்கும், இந்தத் தோட்டத்து மேனேஜர் யாராக இருக்கும்' என்றுதான் தோன்றியது.

கூடத்தில் மாமாவின் படம். மாலை. அதற்கு முன்னால் பெரிய வாழை இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம்: கோழிப் பிரட்டல், சார்டின் சம்பல், பால் ஊற்றாத கோப்பி ஓ ஒரு கிளாஸ். சுமதி சுவரோரமாக, வந்தவர்களோடு வந்தவளாக நின்றிருந்தாள். அவளை இன்னும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் வாசற்படிக்கு உள்ளே ஓரடி எடுத்துவைத்து அங்கேயே நின்றேன். முருகேசன் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பண்டாரம் பாட ஆரம்பித்தார்.

ஏழு மணி இருக்கும். வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

டொக்.

தகரக் கூரையில் ஏதோ விழுந்தது. “மங்குஸ்தீன் போல” என்றார் யாரோ. “இங்க எங்க லா மங்குஸ்தீன் மரம்?” என்றார் இன்னொருவர்.

டொக். டொக். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம். தூரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இந்த வீட்டைத் தேடிக்கொண்டு வருவதுபோல. அது நெருங்கியது. வாசல் வழியாக உள்ளே வந்தது. பூச்சி என்றால் விளக்கைச் சுற்ற வேண்டும், அதுதான் உலக வழக்கம். இது குழல்விளக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாற்பது பேரில் ஒருவர் தலையையும் உரசாமல், ஒரு வளைவு வளைந்து, என் நெஞ்சில் வந்து மோதியது.

மோதியது விழவில்லை. ஆறு கால்களாலும் சட்டையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, சாவகாசமாக மேலே ஏறியது. இதயத்துக்கு நேரே வந்ததும் நின்றது. தலையைத் தாழ்த்தியது. கொம்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன விசிறிகள் மெல்ல விரிந்தன.

தட்டிவிடக் கையைத் தூக்கினேன். விரல் பட்டதும் அது சத்தம் போட்டது. “கர்ர்... கர்ர்...”

அத்தை நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அவரு மூச்சு” என்றார். “கடைசி மாசம் பூரா இப்படித்தான் இழுத்துச்சு.”

அப்போதுதான் பண்டாரம் பாட்டை நிறுத்தினார்.

இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. வருகிற ஒவ்வொன்றும் விளக்கை விட்டு, படையலை விட்டு, என்னிடம் வந்தது. ஒன்று என் காதருகே கழுத்துப்பட்டையில் இறங்கி, சட்டை ஓரமாக நடந்து, மற்றவை இருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பத்துப் பன்னிரண்டு கறுப்பு முதுகுகள், ஒரே திசையில் தலை வைத்து, என் இதயத்தில் காது கொடுத்துக் கேட்பதுபோல. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு நியாயமான கேள்வி எழும். பிற்பகலில்தானே ஐயா இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய்? பேசினேன். ஆனால் நான் விற்றது மாலை ஏழு மணிக்கு நடக்கும் விஷயத்தை. ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடும் விற்பனையாளன் நான். மறுநாள் காலை வாளியில் செத்துக் கிடக்கும் வண்டுகளை எண்ணியிருக்கிறேன். உயிரோடு, இருட்டிலிருந்து, ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு அவை வருவதை ஒருநாளும் கண்டதில்லை. மேலும் அந்த நேரத்தில் என் மூளையில் பூச்சியியல் ஓடவில்லை. கோழித் தீவன டின்னோடு எழுந்து போன ஒரு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அத்தை எழுந்து என் எதிரே வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. முதலில் வந்த வண்டைப் பார்த்தார்.

“என்னாங்க” என்றார், மெதுவாக. “என்ன வேணும் ஒங்களுக்கு?”

நெரிசலில் ஒன்று இன்னொன்றை இடித்திருக்க வேண்டும். “கர்ர்... கர்ர்...”

“இவன்கிட்ட ஏதோ கேக்குறாரு” என்றார் அத்தை.

என்ன கேட்கிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். வேற ஏதாச்சும் சொல்லணுமா, தம்பி? சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரல் கேட்டது. முழங்கால் இரண்டும் என் அனுமதி இல்லாமல் மடங்கின. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஞானஸ்நானம் பெற்றவன், பட்டதாரி, பகுத்தறிவுக் கட்டுரை ஒன்று எழுதி வார இதழில் பிரசுரம் கண்டவன், ஒரு வண்டைப் பார்த்துக் கைகூப்பினேன்.

“மாமா, மன்னிச்சிருங்க மாமா. நான் பொய் சொல்லிட்டேன். பொண்ணு கேட்டு வந்தப்பவே எங்களுக்கு ரெஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சிருச்சு. குளுவாங்ல. மூணு வாரத்துக்கு முன்னாடியே. சுமதி சொல்லச் சொன்னா, நான்தான் சொல்லல்ல. பயம் மாமா. வேற ஒண்ணும் இல்ல.”

வேறு சிலவும் சொன்னேன். பெட்ரோல் விஷயம் ஒன்று. அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

முருகேசன்தான் முதலில் அசைந்தார். “ரெஜிஸ்டர் பண்ணிட்டா எங்கப்பாகிட்ட வந்து பொண்ணு கேட்ட?” ஓரடி முன்னால் வந்தார். எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது. கையை நெஞ்சில் வைத்து அழுத்தினேன். வண்டுகளுக்கு அடியில், சட்டைப்பைக்குள், ஈரமாக, வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

பிளாஸ்டிக்.

குண்டூசி.

பொட்டலத்தை வெளியே இழுத்தேன். அதோடு இரண்டு வண்டுகள் தொங்கிக்கொண்டே வந்தன. மனிதன் பேயிடமிருந்து தப்பித்த நிம்மதியில் என்னென்ன முட்டாள்தனம் செய்வான் என்பதற்கு அடுத்த ஐந்து நிமிடமே சான்று. எழுந்து நின்றேன். சிரித்தேன் என்றுகூடச் சொல்கிறார்கள். வாழை இலைக்கு முன்னால் நின்று, கையில் பொட்டலத்தோடு, என் வாழ்க்கையின் மிகச் சிறந்த விற்பனைப் பேச்சைப் பேசினேன். உணர்கொம்பு, விசிறி, காற்று, வாசனை, முடிவெடுக்காத உடம்பு. வண்டின் முதுகுக்கடியில் வயிறு உரசுவதால்தான் அந்தக் கர்ர் சத்தம், யாரும் பயப்பட வேண்டியதில்லை என்று ஆறுதலும் சொன்னேன்.

“அப்ப இதெல்லாம் ஆணா, பொண்ணா?” என்று பண்டாரம் கேட்டார். தொழில்முறை ஆர்வம்.

ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் செம்பட்டை ரோமம். “பொண்ணு” என்றேன். இன்னொன்றைப் பார்த்தேன். “இதுவும் பொண்ணு. ஆணும் வரும், பொண்ணுங்க கொஞ்சம் அதிகமா வரும்.”

“ஐயய்யோ” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. “பொம்பளைங்கள இழுக்குற சென்ட்ட அடிச்சிக்கிட்டா துக்கத்துக்கு வந்தாரு?”

யாரோ பின்னால் களுக்கென்றார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது சுமதி சுவரோரத்திலிருந்து கேட்டாள். மிகச் சின்னக் குரல்.

“அப்ப அப்பா வரல்லியா?”

என்னிடம் பதில் இருந்தது. அறிவியல் பூர்வமான, சந்தேகத்துக்கு இடமில்லாத பதில். வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டேன். பதினான்கு மாதம் பேசாத அப்பா பத்து நிமிடம் வந்திருந்தார். அவரை நான் குண்டூசியால் குத்தி அனுப்பிவிட்டேன்.

“வண்டு பொய்யாப் போச்சு” என்றார் முருகேசன். “இவரு சொன்னது நெசம்தானே? போதும். வெளிய போங்க, மிஸ்டர் ஆரோக்கியம்.”

சுமதி குனிந்து தன் கைப்பையை எடுத்தாள். அழவில்லை. கதவருகே வந்து என் பக்கத்தில் நின்று, செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. அந்த ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

“நில்லுங்க” என்றார் அத்தை.

படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இலையைப் பார்த்தபடி பேசினார்.

“அவருக்குத் தெரியும்.”

“என்னம்மா தெரியும்?” என்றார் முருகேசன்.

“அந்த வருசம் அவரு அடையாள கார்டு, அந்த ஐசி தொலஞ்சு போச்சுல்ல? பத்து பஹாட்ல கூட்டமா இருக்கும்னு குளுவாங் பதிவாபீசுக்குப் போனாரு. அங்க பலகையில கல்யாண நோட்டிஸ் ஒட்டியிருந்துச்சாம். இவ பேரு, இந்தத் தம்பி பேரு. வந்து ஒண்ணும் சொல்லல்ல. இந்தத் தம்பி பொண்ணு கேட்டு வந்த அன்னிக்குக் காலைலதான் என்கிட்ட சொன்னாரு. 'பையன் வாயத் தொறந்து உண்மையச் சொல்லிட்டான்னா, நான் சரின்னுருவேன். சொல்லல்லன்னா நானா கேக்க மாட்டேன்'னாரு.”

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. வண்டு மட்டும் விட்டது.

“பதினாலு மாசம். ஞாயித்துக்கெழம கார் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு. அப்பறம் கோழிக்குத் தீனி போடப் போயிருவாரு. ஞாயித்துக்கெழம மட்டும் அந்தக் கோழிங்களுக்கு மூணு வேள தீனி.”

“அப்ப... நான் வேதக்காரன்னு கோவம் இல்லியா, அத்தை?” என்றேன். மத நல்லிணக்கத்தைப் பற்றி மனத்துக்குள் ஓர் உரையே தயாரித்து வைத்திருந்தவன் கேட்கக்கூடிய ஒரே கேள்வி.

“வேதமா? அவரு கூட்டாளிங்க பாதிப் பேரு வேதக்காரங்க. கிறிஸ்மஸ்ஸுக்கு ரெண்டு நாளு வீட்டுக்கே வரமாட்டாரு.” அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் முதல் தடவை. “அவருகிட்ட சொன்னியோ, பூச்சிகிட்ட சொன்னியோ, இந்த வீட்டுல நின்னு சொல்லிட்ட. லேட்டுதான். சட்டையக் கழட்டிட்டு வந்து ஒக்காரு. சுமதி, ஏன் அங்கியே நிக்கிற? எலையப் போடு.”

சுமதி ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அத்தை மடியில், அத்தையும் சேர்ந்து.

என் சட்டைக்கு வருவோம். வண்டுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. முருகேசன் ஒரு நீளமான கழியின் நுனியை நீட்டி, “அதுல மாட்டுங்க” என்றார். சற்று நேரம் எதையோ மென்று விழுங்கிவிட்டு, “மச்சான்” என்று சேர்த்துக்கொண்டார். பின்பக்கமாகக் கொண்டுபோய், வெட்டிப்போட்ட செம்பனை வரிசைகளுக்கு நடுவில் கழியை நட்டுவிட்டு வந்தார். நான் வெற்றுடம்போடு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்று மாலை நான் செய்ததில் அது ஒன்றுதான் முறைப்படி அமைந்தது. “இப்பதான் தம்பி சரியா இருக்கீங்க” என்று பண்டாரமே பாராட்டினார்.

சாப்பிடும்போது சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில், சாய்ந்த மரங்களுக்கு நடுவே, தலையில்லாத ஒரு வெள்ளை மனிதன் கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தான். அவனுடைய இடது நெஞ்சில் ஒரு கறுப்புத் திட்டு. அது பரவியது. தோளுக்கு ஏறியது, வயிற்றுக்கு இறங்கியது. காற்று இல்லை; ஆனால் இரண்டு கைகளும் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கே வெள்ளையே இல்லை. அத்தனை இறக்கைகளின் இரைச்சலும் சேர்ந்து, யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா எழுந்து சன்னலைச் சாத்தினார்.

அந்த வேலையை நான் இன்னும் இரண்டு வருடம் பார்த்தேன். ஆனால் 'வண்டுக்கு முடிவெடுக்கிற வேலை கிடையாது' என்ற வரி மட்டும் பிறகு என் வாயில் சரளமாக வரவில்லை. முழங்கால் மடிந்ததும் நாக்கு அவிழ்ந்ததும் யாருடைய முடிவு என்று யாராவது கேட்டுவிட்டால்? என் உடம்புக்குள்ளும் ஏதோ ஒரு சொட்டு சுரந்து, திருப்பிவிட்டிருக்கிறது. பதினான்கு மாதம் யோசித்து நான் எடுக்காத முடிவை அது பத்து நிமிடத்தில் எடுத்தது. சுமதியோ இன்றுவரை வேறு கட்சி. “வாசத்துக்குத்தான் வண்டு வந்துச்சு, சரி. வாசத்த எங்கப்பா வீட்டுக்குக் கொண்டாந்தது யாரு? கையுற போட்டுக்கன்னு எழுதியிருந்தத படிக்க விடாம பண்ணது யாரு?” என்பாள். சோம்பேறித்தனம் என்று நான் சொல்வதை அவள் ஏற்பதில்லை.

இப்போது அத்தை ஸ்கூடாயில் எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யார் எதை மறைத்தாலும், விசாரணை ஒரே வகைதான். முருகேசன் மச்சான் புது மோட்டார் சைக்கிளின் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னபோது, அவர் மனைவி கேட்டது: “வண்டக் கூப்பிடவா?” பத்து வயதாகும் என் மகள், கணக்குப் பரீட்சைத் தாளைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னபோது, சுமதி அவள் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான், தாள் வெளியே வந்துவிட்டது.

போன மாதம் எனக்கு இனிப்பு நீர் வியாதி எல்லை தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீர், தே தாரிக், அறவே கூடாது. அன்று மாலை கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்தேன். அத்தை கூடத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

“கடையில என்னா தண்ணி குடிச்சீங்க, மாப்பிள்ள?”

“வெறும் தண்ணிதான், அத்தை.”

அத்தை பயற்றங்காயைக் கீழே வைத்தார். சன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

“ஏழு மணி ஆகப் போவுது” என்றார்.

“ரெண்டு கிளாஸ்” என்றேன். “சீனி போட்டு.”